நிகழ்வுச் செவ்வகத்தில் (histogram) தூணின் உயரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: நிகழ்வுச் செவ்வகக் கணக்கில் 0–10 பிரிவில் 20 பேர், 10–40 பிரிவில் 30 பேர். முதல் தூணின் அகலம் 2 செ.மீ., உயரம் 6 செ.மீ. என்றால் இரண்டாவது தூணின் அளவு என்ன? உயரம் 9 என்று போட்டால் தப்பு என்கிறார்கள், ஏன்?

பதில்: நிகழ்வெண்ணை, அதாவது ஒரு பிரிவில் எத்தனை பேர் என்பதை, காட்டுவது தூணின் உயரம் இல்லை, பரப்பு. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், பாதிக் கணக்கு முடிந்தது. முதல் தூணின் பரப்பு 12 ச.செ.மீ., அதில் 20 பேர். அப்படியானால் 30 பேருக்கு 18 ச.செ.மீ. வேண்டும். சரி, அகலம்? 10 அலகுக்கு 2 செ.மீ. என்றால் 30 அலகுக்கு 6 செ.மீ., ஆக உயரம் 18 ÷ 6 = 3 செ.மீ. நீங்கள் 20-க்கு 6 என்றால் 30-க்கு 9 என்று போட்டிருப்பீர்கள், பிரிவு மூன்று மடங்கு அகலமானது அதில் சேரவே இல்லை.

நிகழ்வெண்ணைப் பிரிவின் அகலத்தால் வகுத்தும் சரிபார்க்கலாம்: 20/10 = 2, 30/30 = 1, உயரம் பாதியாகத்தான் வரும். அப்புறம், முழு எண்ணாக்கிய அளவுகளில் 10–19, 20–29 என்று இடைவெளி விட்டுக் கொடுத்திருந்தால் அகலம் 9 இல்லை, 10, எல்லையை 9.5–19.5 என்று மாற்றிவிட்டுத்தான் வகுக்க வேண்டும். இந்த இடத்திலும் மதிப்பெண் போகலாம்.