ராட்நெஸ்ட் தீவில் கோல்ஃப் ஆடும்போது விலங்குகள் குறுக்கே வந்தால் என்ன செய்வது?

காட்பாடியைச் சேர்ந்த அன்பர் ஒருவர், மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருக்கும் மகனைப் பார்க்கச் செல்லும்போது அருகிலுள்ள ராட்நெஸ்ட் தீவில் கோல்ஃப் ஆடலாமா, புதிதாகப் பழகுபவருக்கு அங்குள்ள விலங்குகள் இடைஞ்சல் தருமா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக ஆடலாம். ஆம்பூரில் தோல் வணிகம் செய்யும் நான், அலுவலாகப் பெர்த் சென்றபோது அங்கே ஆடியிருக்கிறேன். பெர்த்தின் துறைமுகமான ஃப்ரிமாண்டிலிலிருந்து படகில் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் தீவை அடையலாம். 9 குழிகள் கொண்ட சிறிய திடல்தான். தனியார் கார்களுக்குத் தீவில் அனுமதி இல்லாததால் பலரும் சைக்கிளில்தான் சுற்றுகிறார்கள். விதிப்படி 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றாலும், ஐந்தாறு மட்டைகளுக்கு மேல் சுமப்பது வீண். கையுறையை மட்டும் நல்ல செம்மறித் தோலில் வாங்குங்கள். வியர்வையில் நனைந்தால் வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். (தொழில் புத்தி விடவில்லை.)

அன்பர் கேட்ட விலங்குகளில் முதலாவது குவாக்கா. அது பூனையளவே உள்ள, வயிற்றில் பையுடைய விலங்கு. 1696-இல் அங்கு வந்த டச்சு மாலுமி விளாமிங் இவற்றைப் பெரிய எலிகள் என்றே எண்ணிவிட்டார். முன்கால்களைத் தூக்கி உட்கார்ந்து புல் மென்றுகொண்டிருக்கும்; பக்கத்தில் பந்து விழுந்தாலும் காதை ஒருமுறை அசைத்துவிட்டு மேய்ச்சலைத் தொடரும். அது நகரும்வரை நின்றுதான் அடிக்க வேண்டும். தொடுவதும் உணவளிப்பதும் குற்றம், அபராதம் உண்டு; ஏலகிரிப் பாதையில் குரங்குக்குக் கடலை நீட்டும் நம் வழக்கத்தை அங்கே மறந்துவிடுங்கள்.

நின்றிருந்த பந்தை விலங்கு நகர்த்திவிட்டால் தண்டனை அடி (கணக்கில் கூடுதலாகச் சேர்க்கும் அடி) கிடையாது. முன்பிருந்த இடத்திலேயே, தெரியாவிட்டால் உத்தேசமாக, திரும்ப வைத்து ஆட வேண்டும். கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள குறும்புல் பரப்பில்) பட்டர் என்னும் உருட்டு மட்டையால் உருட்டிய பந்து விலங்கின் மேல் பட்டால் அந்த அடி கணக்கில் சேராது, மறுபடி அடிக்க வேண்டும். டியூகைட் என்னும் நச்சுப் பாம்பும் அத்தீவில் உண்டு. பந்தருகே அது கிடந்தால், குழியை நெருங்காமல் ஆபத்தில்லாத இடத்துக்கு விலகி, தண்டனையின்றிப் பந்தைப் போட்டு ஆட விதியே இடம் தருகிறது.

கோடையில் பிற்பகலானால் தென்மேற்கிலிருந்து கடற்காற்று பலமாக வீசி, உயர்ந்த பந்தை எங்கேயோ கொண்டுபோய்விடும்; ஆகவே மதிப்பெண் முக்கியமென்றால் காலையில் ஆடுங்கள். ஆனால் குவாக்காக்கள் பகலில் பெரும்பாலும் புதர் நிழலில் படுத்திருந்து, வெயில் தாழ்ந்த பிறகே மேய வருகின்றன. என்னைக் கேட்டால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு மாலையையே தேர்ந்தெடுப்பேன். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.