கட்டணம் என்.ஏ.வி.க்குள்ளேயே போய்விடுகிறது

தேவகோட்டையிலிருந்து, என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் நிதி நிர்வாகக் கட்டணம் எங்கே, சட்ட வரம்பு உண்டா என்று கேட்ட ஆச்சிக்கு: அது பேரேட்டில் பற்று எழுதுவதுபோல் தனி வரியாக வராது. யூனிட் ஒன்றின் அன்றாட மதிப்பான என்.ஏ.வி.யிலேயே கழிந்துவிடும். யூனிட் குறைந்திருந்தால், அது கணக்குப் பராமரிக்கும் பதிவு நிறுவனமான சி.ஆர்.ஏ. பிடித்தது, வேறு கட்டணம்.

2013 ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையச் சட்டத்தில் சதவீதம் எழுதப்படவில்லை. அந்த ஆணையமான பி.எஃப்.ஆர்.டி.ஏ.தான் நிர்ணயிக்கிறது, சுற்றறிக்கையிலேயே மாற்றிவிடலாம். எனக்கு இது பெரிய குறை, உச்சவரம்பு சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

2021 ஏப்ரலில் வந்த கட்டண அடுக்கில் உச்சம் 0.09 சதவீதமாக இருந்தது, நிதி மேலாளர் கையாளும் மொத்த நிதி பெருகப் பெருகக் குறைந்தது. ஒரே சந்தாதாரர் பல திட்டங்களில் சேமிக்கலாம் என்று 2025 அக்டோபரில் வந்த பல்திட்ட முறையிலோ, அறிமுகமானபோது 0.30 சதவீதம் வரை. 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு ₹900 எங்கே, ₹3,000 எங்கே! யாராவது மாறச் சொன்னால் திட்டப் பெயரையும் சதவீதத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.