ஊசி போட்டால் நிற்கிறது, மறுபடி சொறிய ஆரம்பிக்கிறது: நாயின் அரிப்புக்கு என்னதான் வழி?

3 வயது லேப்ரடார், ராத்திரி பகல் பார்க்காமல் பாதத்தை நக்குகிறது, காதைச் சொறிகிறது. டாக்டர் அலர்ஜி என்று ஊசி போட்டால் கொஞ்ச நாள் நிம்மதி, அப்புறம் பழையபடி. சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குச் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். அது வரிசையில் மூன்றாவதாக வர வேண்டிய வேலை.

எங்கள் வீட்டிலும் லேப்ரடார்தான், பெயர் மணி. 2 வயது வாக்கில் இதே தொல்லை தொடங்கியது. இன்னும் போகவில்லை, ஆனால் இப்போது கட்டுக்குள் இருக்கிறது, ராத்திரி முழுக்கத் தூங்குகிறான். நான் மருத்துவர் இல்லை. அவனோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தும், டாக்டர்களைக் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அலர்ஜி என்ற பெயரை நம் ஊரில் அவசரப்பட்டுச் சூட்டிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். தெள்ளு, சொறிப்பூச்சி, தோலில் கிருமி, ஒத்துக்கொள்ளாத தீனி, வீட்டுத் தூசி, காரணம் எதுவானாலும் வெளியே தெரிவது சொறிவது மட்டும்தான். பல நாய்களுக்கு இதில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். அதனால் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். தெள்ளு இருக்கும்போதே தீனியை மாற்றினால், அரிப்பு குறையாததற்குத் தீனி காரணமா தெள்ளு காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் பூச்சி. "தினமும் சீவுகிறேன், எங்கள் நாயிடம் ஒரு பூச்சிகூட இல்லை" என்று சொல்லாதவர்களை நான் பார்த்ததில்லை. தெள்ளின் எச்சில்தான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது; அது ஒத்துக்கொள்ளாத நாய்க்குச் சில கடிகளே போதும். நக்கி நக்கி அந்தத் தெள்ளையும் நாயே விழுங்கிவிடும், நம் கண்ணில் படாது. ஒரு சோதனை செய்து பாருங்கள். வெள்ளை டிஷ்யூ பேப்பரைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வால் தொடங்கும் இடத்துக்கு மேலே முடியை விலக்கித் தேயுங்கள், அல்லது அங்கே சீப்பால் சீவி விழும் கறுப்புப் பொடியை அதில் தட்டுங்கள். வெறும் மண்ணாக இருந்தால் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் கழிவாக இருந்தால், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் செம்பழுப்பாக ஒரு வளையம் ஊறிப் பரவும். அது செரித்த ரத்தம். இடுப்பு, வால் அடி, பின்தொடை என்று பின்பாதியில்தான் சொறி அதிகம் என்றால் தெள்ளின் மேல் சந்தேகம் இன்னும் பலமாகும்.

நாயின் மேல் நாம் பார்க்கும் தெள்ளுகள் மொத்தத்தில் 5 சதவீதம் அளவுதான். மீதி எல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் பாயிலும் சோபாவுக்கு அடியிலும் மாடிப்படி மூலையிலும் கிடக்கின்றன. ஒரு பெண் தெள்ளு நாளைக்கு 40, 50 முட்டை இடும். கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து வெளியே வரும். ஒரு தடவை மருந்து போட்டுவிட்டு "கேட்கவில்லை" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. குறைந்தது 3 மாதம் விடாமல் கொடுக்க வேண்டும், வீட்டில் இருக்கும் எல்லா நாய் பூனைக்கும் சேர்த்து. நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் தெள்ளுக்கு ஓய்வுக் காலமே கிடையாது என்பதால் நாங்கள் வருஷம் முழுக்க நிறுத்துவதில்லை. பூனை இருக்கும் வீட்டில் ஒரு எச்சரிக்கை: பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையின் உயிரையே எடுக்கும்.

காது மடலின் ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு ஆகிய இடங்களில் முடி உதிர்ந்து பொருக்குத் தட்டியிருந்தால் மேஞ்ச் என்கிற சொறிப்பூச்சியாக இருக்கலாம். அது இருந்தால், காது மடலின் ஓரத்தை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்க்கும்போது அந்தப் பக்கத்துப் பின்னங்கால் பெரும்பாலும் தானாகச் சொறியத் துடிக்கும். டாக்டர்களே இப்படிச் செய்து பார்ப்பார்கள். தோலைச் சுரண்டிப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றாலும் இது இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. நாயோடு படுத்துப் புரளும் பிள்ளைகளுக்கும் கையில் வயிற்றில் சிவப்பாக அரித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், இது மனிதருக்கும் ஒட்டும்.

இப்போது ஃப்ளூரலானர், அஃபாக்சோலானர், சரோலானர் என்று மெல்லும் மாத்திரைகள் நம் ஊரிலும் கிடைக்கின்றன. முதலாவது 12 வாரம் வேலை செய்யும், மற்ற இரண்டும் மாதம் ஒன்று. தெள்ளு, உண்ணி, சொறிப்பூச்சி மூன்றையும் இவையே பார்த்துக்கொள்ளும். எடைக்கு ஏற்ற அளவை டாக்டர்தான் எழுத வேண்டும். நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். இந்த மருந்து வகையால் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-ல் எச்சரித்திருக்கிறது. பூச்சிக்கான ஐவர்மெக்டின் ஊசியை யாராவது கையோடு போடுகிறேன் என்றால் யோசியுங்கள். கோலி இன நாய்களிலும் அவற்றின் கலப்பிலும் அது மூளைக்குள் நுழைந்து உயிருக்கே ஆபத்தாகும்.

அடுத்தது தொற்று. உங்கள் நாயின் விரலிடுக்கைப் பிரித்து மோந்து பாருங்கள். புளித்த வாடை அடித்து, வெளிர் முடி எச்சில் பட்டுத் துருப்பிடித்த நிறத்துக்கு மாறி, தோல் பிசுபிசுத்தால் ஈஸ்ட் என்கிற பூஞ்சை பெருகியிருக்கிறது என்று அர்த்தம். சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளமும் வட்டமாக உரியும் தோலும் இருந்தால் பாக்டீரியா. முதல் காரணம் வேறாக இருந்தாலும், சொறிந்த தோலில் இவை குடியேறி அரிப்பை இரட்டிப்பாக்கும். ஒட்டு டேப்பைத் தோலில் அழுத்தி எடுத்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சில நிமிஷம் போதும். இதைச் செய்யாமல் ஆன்டிபயாட்டிக் எழுதும் டாக்டரிடம், ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். போன தடவை மிச்சமான மாத்திரைப் பட்டையிலிருந்து நீங்களாக எடுத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

மணிக்குப் பெரிய பலன் தந்தது குளோர்ஹெக்சிடின் ஷாம்பூதான். மைக்கோனசோல் சேர்ந்தது ஈஸ்ட்டுக்கும் கேட்கும். ஆனால் போட்ட கையோடு அலசினால் அது வீண் செலவு. நாங்கள் அவனை நனைத்து, பாதம், கக்கம், அடிவயிறு, வால் அடி என்று அரிக்கிற இடங்களில் முதலில் தேய்த்து, பிறகு உடம்பு முழுக்கப் பூசி, கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிஷம் நிற்க வைப்போம். அவன் நக்காமல் இருக்க ஒருவர் கழுத்துப்பட்டையைப் பிடித்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு வழுவழுப்பு போகும்வரை அலசி, விரலிடுக்கு வரை துடைக்க வேண்டும். டாக்டர் சொன்னபடி முதலில் வாரம் இரண்டு முறை, தோல் தேறியதும் குறைத்துக்கொண்டோம்.

பூச்சியும் தொற்றும் அடங்கிய பிறகும் அரிப்பு மிச்சம் இருந்தால், அப்போது சாப்பாடு. நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை என்று 2016-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. நம் வீட்டு நாய்கள் வளர்வதே கோழிக்கால் சோறு, தயிர் சாதம், பிஸ்கட்டில்தான். "குட்டியிலிருந்து இதைத்தானே தின்கிறது, இப்போது மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்?" என்று கேட்பார்கள். திரும்பத் திரும்பத் தின்பதற்குத்தான் ஒவ்வாமை உருவாகும்.

ஒரு கம்பெனித் தீனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது சோதனை ஆகாது. இதுவரை தின்றே இராத ஒரு இறைச்சியோடு ஒரு கிழங்கு, அல்லது புரதத்தை நுண்ணிய துண்டுகளாக உடைத்த ஹைட்ரோலைஸ்டு தீனி. 8 வாரம் அது மட்டும்தான். வேறு எதுவும் வாயில் படக்கூடாது, வாசனை சேர்த்த பூச்சி மாத்திரை உட்பட. அதற்குப் பதில் கழுத்தில் விடும் சொட்டு மருந்து கேளுங்கள். எங்கள் வீட்டில் சிக்கல் அம்மாவின் டீ நேரம். ரஸ்க்கில் ஒரு துண்டை மணிக்குப் போடாமல் அம்மாவுக்கு டீ இறங்காது. கடைசியில் சோதனைத் தீனியில் சேர்ந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கையே அவித்துத் துண்டு போட்டு, ஒரு டப்பாவில் ரஸ்க் பக்கத்தில் வைத்துவிட்டோம். கொடுக்கிற கைக்கும் மனக்குறை இல்லை, சோதனையும் கெடவில்லை.

அரிப்பு குறைந்தால் பழைய தீனியைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 2 வாரத்துக்குள் சொறி திரும்பும், அப்போதுதான் உறுதி. இதற்கு முடி, எச்சில், ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்; தீனி ஒவ்வாமைக்கு அந்த முடிவுகளை நம்ப முடியாது.

மணிக்குத் தீனி காரணம் இல்லை என்று தெரிந்தது. மிஞ்சியது அடோபி: வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்பூச்சி, மகரந்தம் போன்றவை ஒத்துக்கொள்ளாத பிறவி வாகு. பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் தொடங்கும். பாதம், முகம், காது, கக்கம், அடிவயிறு அரிக்கும். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பக், ஜெர்மன் ஷெப்பர்ட் இவற்றில் அதிகம். நீங்கள் சொன்ன வயதும் இடமும் இதற்குப் பொருந்துகின்றன, ஆனாலும் முந்தின மூன்றையும் கழிக்காமல் இதில் வந்து நிற்கக்கூடாது. இது அடியோடு குணமாகாது. ஆனால் நன்றாகவே அடக்கி வைக்கலாம்.

நீங்கள் சொல்லும் ஊசி அநேகமாக நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு. எந்த ஊசி என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். உடம்பில் ஏறிவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. மாதாமாதம் போட்டால் தாகம், அடிக்கடி மூத்திரம், அடங்காப் பசி என்று தொடங்கிச் சர்க்கரை நோய் வரை போகலாம். கடுமையான நாட்களில் சில நாள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்து, டாக்டர் சொல்லும் விதத்தில் குறைத்து நிறுத்துவது எவ்வளவோ மேல். அமெரிக்காவில் 2013-ல் அனுமதி பெற்ற ஓக்லாசிட்டினிப் மாத்திரை அரிப்பைச் சீக்கிரமே அடக்கும்; 1 வயது ஆகாத குட்டிக்கும் கடுமையான தொற்று உள்ள நாய்க்கும் ஆகாது. மணி இதில்தான் இருக்கிறான், அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் உண்டு. செட்டிரிசின் மாதிரியான மாத்திரைகள் லேசான அரிப்புக்கு ஏதோ கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். மீன் எண்ணெய் நல்லதுதான், ஆனால் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

வெளியே போய் வந்ததும் பாதத்தைக் கழுவி ஈரம் போகத் துடைப்பதும், படுக்கைத் துணியை வாராவாரம் கொதிநீரில் நனைத்துத் துவைப்பதும் சின்ன வேலைகள், ஐப்பசி கார்த்திகை மழையில் ரொம்பவே உதவும். மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில், டெட்டால், மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை அளவில்லாமல் கலந்தது, இவை எதையும் நாயின் தோலில் போடாதீர்கள். நமக்கு வாங்கிய தோல் களிம்புகளும் வேண்டாம். நாய் நக்கிவிடும், அதிலும் சொரியாசிஸுக்கான கால்சிபோட்ரியால் களிம்பு கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. திடீரென்று முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ இந்த வரிசை எதையும் பார்க்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் இவ்வளவுக்கும் வசதி இல்லை என்றால், சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903-லிருந்து நடப்பது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரிகள் உண்டு. காலையிலேயே போய்விடுங்கள். இதுவரை போட்ட ஊசி மாத்திரைச் சீட்டுகள், எந்த மாதம் அதிகம் அரித்தது என்ற குறிப்பு, மோசமான நாளில் எடுத்த போட்டோ எல்லாம் கையில் இருக்கட்டும். போவதற்கு முந்தின இரண்டு மூன்று நாள் குளிப்பாட்டாதீர்கள், டேப்பில் எடுத்துப் பார்க்கும்போது தோலில் இருப்பது அப்படியே தெரிய வேண்டும்.