கட்டணத்துக்கு முன்னால் சில காகிதங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

மதுரை மாவட்டம் எழுமலைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஊரில் படித்து வேலைக்குப் போன பன்னிரண்டு பேர் சேர்ந்து, வருஷத்துக்கு 60,000 ரூபாய் திரட்ட முடிவு செய்திருக்கிறோம். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளில் இரண்டு பேருக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டலாம் என்பது எண்ணம். இட ஒதுக்கீடு இருக்கிறது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீதம் இருக்கிறது, அரசிடமிருந்து மாதம் ஆயிரம் ரூபாயும் வருகிறது. இருந்தும் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். யாருக்குக் கட்டினால் பயன்? சொல்லுங்கள்.

கா., எழுமலை

அன்புள்ள கா.,

யாருக்கும் கட்டணம் கட்டாதீர்கள். அந்தப் பணத்தை வேறு இடத்தில் போட்டால் இரண்டு பேருக்குப் பதில் பத்துப் பேர் கல்லூரிக்குள் போவார்கள்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கட்டணத்தை ஏற்கெனவே அரசு ஏற்றிருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியலுக்குப் போனால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றும் அரசுடையவை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்தில் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்து, கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் தனியார் கல்லூரியின் கட்டாயக் கட்டணமும் கல்வி உதவித்தொகையில் வந்துவிடும். 2012-ன் அரசாணை 92 அதற்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் கிடையாது. மற்றவர்களுக்கு, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கிறவருக்கான முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை. இதற்கு வருமான வரம்பு இல்லை. ஆனால் கலந்தாய்வு வழியே தொழிற்படிப்பில் சேர்ந்தால் மட்டும்தான், அதுவும் ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். பி.எஸ்சி., பி.காம். சேருகிறவர்கள் இந்தச் சான்றுக்காக அலைவதைப் பார்க்கிறேன். அங்கே அது உதவாது.

அப்படியானால் பிள்ளைகள் எங்கே உதிர்கிறார்கள்? மே மாதம் தாலுகா ஆபீஸ் வாசலில் பாதிப் பேர், ஜூலை முதல் அக்டோபருக்குள் மீதிப் பேர்.

மே மாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மே முதல் பாதியில் ரிசல்ட் வரும்போது சில வருஷம் மதுரையில் சித்திரைத் திருவிழாவும் சேர்ந்துகொள்ளும். ரிசல்ட் சூடு ஆறுவதற்குள் கிராம வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி தொடங்கிவிடும், வட்டாட்சியரும் வி.ஏ.ஓ.வும் கிராமக் கணக்குகளோடு உட்கார்ந்திருப்பார்கள். அதே வாரங்களில்தான் தாலுகாவின் அத்தனை பிள்ளைகளும் சாதி, வருமானம், முதல் பட்டதாரி, இருப்பிடம் என்று விண்ணப்பம் போடுகிறார்கள். இந்தக் கூட்டத்தில் ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மறுபடி போட்டு வாங்குவதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

அதனால் சான்றுகளுக்கு விண்ணப்பிக்கும் முகாம் ஒன்றை ஜனவரியில் போடுங்கள், பொங்கல் முடிந்த இரண்டாவது சனிக்கிழமை. ஒரு சான்றுக்கு இ-சேவை கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பத்தில் மையத்துக்காரரின் செல்போன் எண்ணைப் போட விடாதீர்கள். ஓ.டி.பி.யும் 'கூடுதல் ஆவணம் தேவை' என்ற குறுஞ்செய்தியும் அந்த எண்ணுக்குத்தான் போகும், பிள்ளைக்குத் தெரியாமலே கோப்பு மூடப்படும். ரேஷன் கார்டு ஒரு ஊரிலும் ஆதார் இன்னொரு ஊரிலும் இருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். முதல் பட்டதாரிச் சான்றுக்குப் பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி வரை படிப்பு விவரம் கேட்பார்கள். அண்ணன், அக்காவின் டி.சி. நகலைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வருமானச் சான்றுக்குக் காலாவதி உண்டு. அதை மட்டும் ஏப்ரலில் எடுங்கள்.

சாதிச் சான்றில் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். பி.சி., எம்.பி.சி., சீர்மரபினருக்குத் துணை வட்டாட்சியர், எஸ்.சி.க்கு வட்டாட்சியர், எஸ்.டி.க்கு கோட்டாட்சியர். மூன்றாவது மிக நீண்ட வழி. மதுரையைச் சுற்றியுள்ள காட்டுநாயக்கர் குடும்பங்களில், அப்பாவிடமே சான்று இல்லாத பிள்ளைக்கு விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. அப்படிப்பட்ட வீடு உங்கள் ஊரில் இருந்தால் பிள்ளை எட்டாவது படிக்கும்போதே மனுப் போடுங்கள். உறவினர் ஒருவருக்காவது சான்று இருந்தால் அதன் நகல், உறவைக் காட்டும் ஆவணம், மனு கொடுத்த ஒப்புகைச் சீட்டு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். பிளஸ் டூ வந்த பிறகு தொடங்கினால் அந்த ஆண்டு நிச்சயம் போய்விடும். எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இது.

பெயர்ப் பிழை இன்னொன்று. மதிப்பெண் பட்டியலில் 'முத்துப்பாண்டி கு', ஆதாரில் 'குருசாமி முத்துப்பாண்டி'. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாராகும்போது தலைமையாசிரியரிடம் சொன்னால் ஒரு நாள் வேலை. சான்றிதழ் அச்சான பிறகென்றால் தேர்வுத் துறை வரை போய் வர மாதக்கணக்காகும்.

7.5 சதவீதத்துக்கான கதவு ஆறாம் வகுப்பிலேயே இருக்கிறது. கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி எல்லாம் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. 'அதுவும் கவர்ன்மென்ட் மாதிரிதானே' என்று ஆறு, ஏழு வகுப்புகளை அங்கே படிக்கவைத்துவிட்டு ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றிய பெற்றோருக்கு, விண்ணப்பம் போடும் நாளில்தான் விஷயம் தெரிகிறது. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் உங்களில் ஒருவர் பத்து நிமிடம் இதைப் பேசினால் போதும்.

கலந்தாய்வைப் பற்றிக் கொஞ்சம். கணிதத்துக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். பிள்ளைகள் விருப்பப் பட்டியலில் ஐந்தாறு கல்லூரியோடு நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். குறைவாகப் போட்டு ஒன்றும் கிடைக்காமல் போனவர்கள்தான் பிறகு ஏஜென்ட் கையில் சிக்குகிறார்கள். வரிசைப்படுத்துமுன் அண்ணா பல்கலைக்கழகம் பருவந்தோறும் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக, நூற்றில் இருபது பேர்கூடத் தேறாத கல்லூரியில் நான்கு வருஷத்தை வைக்கக் கூடாது. அதைவிட மேலூர் அரசுக் கல்லூரியிலோ, பெண்ணென்றால் மதுரை மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியிலோ ஒரு நல்ல பி.எஸ்சி. மேல். அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம்தான்: 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். கலந்தாய்வு அழைப்பு செல்போனுக்கு வரும். ரீசார்ஜ் தீர்ந்து சிம் செத்துப்போயிருந்தால் இடம் அடுத்த ஆளுக்குப் போகும்.

ஜூனில் கலைக் கல்லூரியில் சேர்ந்து, பிறகு பொறியியல் இடம் கிடைத்தால், அசல் சான்றிதழைத் தர மறுக்கும் கல்லூரிகள் உண்டு. அசலை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 அறிவிப்பு. அதன் நகலோடு எழுத்தில் கேளுங்கள். அசலைக் கொடுக்குமுன் எல்லாவற்றையும் ஐந்து நகல் எடுத்துக்கொள்வது அதைவிட எளிது.

இனி உங்கள் 60,000 ரூபாய். இடம் கிடைத்த பிள்ளைக்கு ஜூலையில் கையில் காசு வேண்டும். உதவித்தொகையும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் ஆயிரம் ரூபாயும் கல்லூரி விவரங்களைப் பதிந்து சரிபார்த்த பிறகுதான் வரத் தொடங்கும். அதுவரை பஸ், சீருடை, லேப் கோட், நோட்டு, தேர்வுக் கட்டணம். விடுதி இடம் உறுதியாகும்வரை எழுமலையிலிருந்து மதுரைக்குத் தினமும் போய்வர வேண்டும். இந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் 'ஒரு வருஷம் வேலை பார்த்துட்டுப் போறேன்' என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. ஒரு பிள்ளைக்கு 5,000 வீதம் பத்துப் பேருக்குக் கொடுங்கள், 10,000 முகாம் செலவுக்கு. மொத்தமாக வேண்டாம், சேரும் நாளில் 2,000, பிறகு மாதம் 1,000. கடனாகக் கொடுக்காதீர்கள். உதவித்தொகை வரும்போது வீட்டில் வட்டிக்காரர் காத்திருப்பார். திருப்பித் தர முடியாத பிள்ளை உங்களைப் பார்த்தால் ஒதுங்கிப் போகும். தொடர்பு அறுந்துவிட்டால் படிப்பை நிறுத்தியதுகூட உங்களுக்குத் தெரியாது.

வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, உதவித்தொகை வருவதற்காக ஆதாரைக் கணக்கோடு இணைப்பது வேறு. ஆதார் இணையதளத்திலேயே எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். பள்ளியில் தொடங்கிய சிறுவர் கணக்கு முடங்கிக் கிடந்தால் பணம் திரும்பிப் போகும். முகாம் நாளில் தபால்காரரை அழைத்து அஞ்சல் வங்கிக் கணக்குத் தொடங்கி ஆதாரையும் இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

அரசின் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் பையன்களுக்கு வீடு கல்லூரியிலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். பெண்களுக்கு அந்த விதி கிடையாது. இதைத் தெரியாமல் திருப்பரங்குன்றத்துப் பெண்கள் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாகப் பாடம். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை பொறியியல் முதல் பருவத்தில் தடுக்கி விழுவது பெரும்பாலும் கணிதத்தில்தான். அணிகள், வகையீடு, தொகையீடு மூன்றையும் பிளஸ் டூ புத்தகத்திலிருந்தே ஆங்கிலச் சொற்களோடு மறுபடி போட்டால் பாதிப் பாரம் குறையும். ரிசல்ட்டுக்கும் வகுப்புக்கும் நடுவே இரண்டு மாதம் இருக்கிறது, உங்கள் பன்னிரண்டு பேரில் பொறியியல் படித்தவர் இருப்பார். அக மதிப்பீடு 40, பருவத் தேர்வு 60, வருகை 75 சதவீதம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பள்ளியில் இவை எதுவும் அவர்களுக்குப் பழக்கமில்லை.

ஆகஸ்டிலும் அக்டோபரிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு போன் போடுங்கள். 'நல்லா இருக்கியா' என்று கேட்டால் 'நல்லா இருக்கேண்ணே' என்றுதான் பதில் வரும். வருகை எத்தனை சதவீதம், முதல் டெஸ்டில் கணக்கில் எவ்வளவு, மெஸ்ஸில் சாப்பிடுகிறாயா என்று கேளுங்கள்.