கலைவழிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை உண்மையில் என்ன கற்கிறது?

சேலத்தைச் சேர்ந்த ஒரு தாயார், "படம், பாட்டு, கதை என்றே நாள் போகிறது, என் மகள் எழுத்தும் கணக்கும் எப்போது படிப்பாள்?" என்று கேட்டிருக்கிறார். ஏற்காட்டில், கலை வழியாகக் கற்பிக்கும் வால்டார்ஃப் முறையில் ஒன்றாம் வகுப்பு நடத்தும் ஆசிரியை என்ற முறையில் பதில் சொல்கிறேன். அவள் முதல் நாளிலிருந்தே இரண்டையும் படிக்கிறாள். கையாலும் காதாலும் படிப்பதால் அது நோட்டில் உடனே தெரிவதில்லை.

1919-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென தத்துவ அறிஞர் ருடால்ஃப் ஸ்டைனரின் வழிகாட்டுதலில் தொடங்கிய வால்டார்ஃப் பள்ளியின் வழி இது. அங்கே முதல் பாடமே நேர்க்கோடும் வளைகோடும்தான். வாசலில் புள்ளிக் கோலம் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. தரையில் போட்ட கோட்டின்மேல் நடந்து, காற்றில் கைவீசி வரைந்து, அதன் பிறகே கிரையானைத் தாளில் வைக்கிறார்கள்.

எழுத்து கதையிலிருந்து பிறக்கிறது. பஞ்ச காலத்தில் ஊருக்கெல்லாம் படியால் அரிசி அளந்து கொடுத்த ஒரு பாட்டியின் கதையை ஒரு நாள் சொல்வேன். மறுநாள் பிள்ளைகள் அந்தப் படியை வரைவார்கள். இருபக்கச் சுவரும் அடியும் மட்டும் எஞ்சும்படி படத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தால், வாய் திறந்த படி 'ப' என்று நிற்கும். அதைக் கண்டுபிடித்துக் கத்தும் குழந்தை அந்த எழுத்தை மறப்பதே இல்லை. முதலில் எழுதுகிறார்கள், தாம் எழுதியதையே பிறகு வாசிக்கிறார்கள்.

கணக்கில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் இந்த ஆண்டிலேயே அறிமுகமாகின்றன. மூன்றும் நான்கும் எத்தனை என்று தொடங்காமல், 12 காப்பிக்கொட்டைகளைக் கையில் கொடுத்து, இதை எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்று கேட்கிறோம். ஒரு பிள்ளை மும்மூன்றாக வைக்கும். இன்னொன்று ஐந்தும் ஏழுமாக வைக்கும். இரண்டும் சரியே என்பது அவர்களுக்குப் பெரிய சந்தோஷம்.

கம்பளி நூல் பின்னலை வேடிக்கை வேலை என்று எண்ண வேண்டாம். கண்ணி ஒன்று நழுவினால் துணி குறுகிவிடும் என்பதால், யாரும் சொல்லாமலே எண்ணிப் பார்க்கும் பழக்கம் அதில் வருகிறது. இரு கைகளும் சேர்ந்து வேலை செய்யவும் பழகுகின்றன. குழலும் உண்டு, நம் மோகனத்தைப் போல ஐந்து சுரங்களே கொண்ட மெட்டுகளைத்தான் வாசிக்கிறார்கள்.

சரளமான வாசிப்பு இம்முறையில் தாமதமாகவே வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே, இரண்டாம் வகுப்பிலேயே வேறு பள்ளிக்கு மாற்றும் எண்ணமிருந்தால் அதை இப்போதே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். மாறும் குழந்தை அங்கே தன்னை மந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. மாற்றும் எண்ணம் இல்லையென்றால், வீட்டில் தனியாக டியூஷன் வைக்காதீர்கள். இரவில் அவளிடம், வகுப்பில் கேட்ட கதையை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். நிகழ்ச்சிகளை வரிசை மாறாமல், முழு வாக்கியங்களில் சொல்கிறாளா என்று கவனியுங்கள். அவள் முன்னேற்றத்தை அறிய நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.