வழுக்கிய ஏணி, வீங்கிய குதிகால்

கேள்வி: என் கணவர் கூரை வேலைக்குப் போகிறவர். மூன்று நாள் முன்பு, கூரையிலிருந்து இறங்க ஏணியில் கால் வைத்ததும் அதன் அடி வழுக்கி, சுமார் 10 அடி உயரத்திலிருந்து நின்றவாக்கில் விழுந்துவிட்டார். குதிகால் வீங்கியிருக்கிறது, இடுப்பும் லேசாக வலிக்கிறதாம். "சுளுக்குதான்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு நொண்டி நடக்கிறார். காலையில் ஒழுங்காக ஏறிய ஏணி, இறங்கும்போது மட்டும் எப்படி வழுக்கும்?

பதில்: ஏணியைப் பிறகு பார்ப்போம். முதலில் அவர் காலை ஊன்றக் கூடாது. இன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நின்றவாக்கில் விழுந்தால் உடம்பின் மொத்த அதிர்ச்சியும் குதிகால் எலும்பில் இறங்கி, அப்படியே முதுகெலும்புக்கு ஏறும். குதிகால் உடைந்த சிலருக்கு இடுப்புப் பக்க முதுகெலும்பும் நசுங்கியிருக்கும். கால்வலியின் கடுமையில் அது தெரியாது. ஆகவே விழுந்த உயரத்தையும் இடுப்பு வலியையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உள்ளங்காலில் ரத்தம் கட்டி நீலம் பாரித்திருந்தால் முறிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தைலம் தேய்த்து உருவுவது வேண்டாம். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். படுத்தவாக்கிலேயே ஆம்புலன்ஸில் கொண்டுபோங்கள்.

இனி ஏணி. அதன் அடியை வெளியே தள்ளும் விசை, ஆள் உச்சிக்குப் போகப்போகக் கூடும். அதிகமாகச் சாய்த்து வைத்த ஏணியில் இது இன்னும் மோசம். ஏறும்போது எப்படியோ தாக்குப்பிடித்த ஏணி, இறங்கும்போது பிடிக்க ஒன்றுமில்லாமல், கண்ணுக்குத் தெரியாத படியைக் காலால் துழாவி உதைத்ததில் நகர்ந்திருக்கலாம். ஏணி கூரை விளிம்போடு நின்றுவிட்டால் இதுதான் கதி. விளிம்புக்கு மேல் 3 அடி நீட்டியிருக்க வேண்டும். அந்த 3 அடி கையால் பிடிக்கத்தான். அங்குள்ள படியில் ஏறி நின்றால் ஏணியின் அடி எகிறிவிடும்.

சாய்வுக்குக் கணக்கு எளிது: 12 அடி உயரத்தில் சாய்த்தால் ஏணியின் கீழ்முனை சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கட்டும். ஏணியின் அடியில் கால்விரல் படும்படி நேராக நின்று கைகளை முன்னே நீட்டினால், உள்ளங்கை படியைத் தொட வேண்டும். ஏணியின் உச்சியை இரண்டு பக்கமும் கயிற்றால் கட்ட வேண்டும், ஆனால் மழைநீர்க் குழாயில் அல்ல. அது பெயர்ந்து வந்துவிடும். கட்டி முடியும்வரை கீழே ஓர் ஆள் பிடிக்கட்டும். சாமான்களைக் கயிறு கட்டித் தூக்குவதே சரி.

விழுந்த ஏணியின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஏணியின் கால் நெளிந்திருந்தால் ஏணியையே இரண்டாக அறுத்துப் போடுங்கள். ஓரமாகச் சாத்தி வைத்தால் யாராவது எடுத்து ஏறுவார்கள்.