பெட்டை சினை நிக்கலையா? பொலிகுதிரைக்கும் ஸ்கேன் இருக்கு

கேள்வி: டாக்டர் சார் வணக்கம். செங்குன்றம் பக்கம் எங்க தோப்புல ஒரு மார்வாரி ஆண் குதிரை வச்சிருக்கேன், 9 வயசு. போன வருஷம் 5 பெட்டைக்கு விட்டதுல 4 சினை நின்னுச்சு. இந்த வருஷம் ஜூன், ஜூலைல வேற வேற ஆளுங்களோட 6 பெட்டைக்கு விட்டேன், ஒண்ணு கூட நிக்கல. குதிரை நல்லாதான் ஏறுது, ஆர்வம் குறையவே இல்ல. ஏப்ரல் கடைசில மட்டும் 5 நாள் ஜுரம் வந்து காலு, அடிவயிறு, விதைப்பை எல்லாம் வீங்கி அப்புறம் வத்திடுச்சு. ஒருத்தர் ஆண் ஹார்மோன் ஊசி போடுங்கறாரு, இன்னொருத்தர் விதையை ஸ்கேன் பண்ணுங்கறாரு. ஸ்கேன் பெட்டைக்குத்தானே சார் எடுப்பாங்க? இல்ல பேசாம வித்துடவா?

பதில்: தம்பி, மொதல்ல அந்த ஊசியைப் போட்டுடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். வெளியில இருந்து டெஸ்டோஸ்டிரோன் உள்ள போச்சுன்னா, உடம்புல ஏற்கனவே நெறைய இருக்குன்னு மூளை எடுத்துக்கிட்டு விதையை வேலை செய்யச் சொல்லி அனுப்பற ஹார்மோனைக் குறைச்சிடும், அப்புறம் விதை சுருங்கி இருக்கற அணுவும் போயிடும். உங்க குதிரைக்கு ஆர்வம் குறையலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்போ அதுக்கு ஆண் ஹார்மோன் பஞ்சம் இல்ல. விக்கவும் அவசரப்படாதீங்க. போன வருஷம் அஞ்சுல நாலு நிக்க வச்ச குதிரை அது.

நீங்க எழுதினதுலயே எனக்குப் பெரிய துப்பு அந்த ஏப்ரல் ஜுரம்தான். குதிரைக்கு விதையில ஒரு விந்தணு உருவாகி முடிய 57 நாள் ஆகும், அதுக்கப்புறம் எபிடிடிமிஸ்ங்கற சுருள் குழாயைத் தாண்டி வர இன்னும் ஒரு வாரம் பத்து நாள், ஆக மொத்தம் ரெண்டு மாசத்துக்கு மேல. விதை உடம்புச் சூட்டை விட சில டிகிரி குறைவா இருந்தாத்தான் வேலை செய்யும், அதனாலதான் ஆண்டவன் அதை வெளியில தொங்க விட்டிருக்கான். ஜுரமும் வந்து, விதைப்பையிலயும் நீர் கோத்து, வெளியில நம்ம ஊர் சித்திரை வெயிலும் சேந்துச்சுன்னா உள்ள இருக்கறது வெந்துடும். நீங்க ஜூன், ஜூலைல விட்டப்ப வந்ததுல பெரும்பகுதி அந்த நேரத்துல அடிபட்ட சரக்காத்தான் இருந்திருக்கும்னு நெனைக்கறேன். ஆறு பெட்டையும் வேற வேற கொட்டகைங்கறதால பெட்டை மேல பழி போடவும் முடியாது.

இப்ப ஜுரம் வந்து நூறு நாள் தாண்டியாச்சு, புது அணு வந்திருக்கணும். அதனால இப்ப எடுக்கற ஸ்கேனுக்கு அர்த்தம் இருக்கு.

ஸ்கேன் பெட்டைக்கு மட்டும் இல்லங்க. மாட்டுக்கு சினை பாக்கற அதே நீள ப்ரோப்தான் (ஸ்கேன் மெஷின்ல உடம்பு மேல வைக்கற கருவி), அதையே விதைப்பை மேல வெளியில இருந்து வச்சுப் பாப்போம். குதிரையை முழுசா மயக்க வேண்டியதில்ல, புடிக்கறவரும் டாக்டரும் ஒரே பக்கம், இடது தோள் கிட்ட நின்னுகிட்டு கையை முதுகுல இருந்து மெதுவா விலா, அடிவயிறுன்னு எடுக்காமலே கொண்டு போகணும், திடீர்னு அங்க தொட்டா உதைதான். ஜெல்லை கொஞ்சம் வெதுவெதுப்பா வச்சுக்கணும், ஸ்பிரிட் தடவவே கூடாது, அந்தத் தோல் எரியும். நல்ல விதை ஸ்க்ரீன்ல அரைச்சு வச்ச இட்லி மாவு மாதிரி ஒரே சீரா சாம்பல் கலர்ல தெரியும், நடுவுல ஒரு சின்ன கறுப்புப் புள்ளி தெரிஞ்சா பயப்படாதீங்க, அது ரத்தக்குழாய், ஆண் குதிரைக்கு இருக்கறதுதான். அந்த மாவுல வெள்ளை வெள்ளையா திட்டு இருந்தா தழும்பு, சுத்தி கறுப்பா வளையம் கட்டி இருந்தா நீர், ஒரு இடம் மட்டும் கட்டியா தனியா தெரிஞ்சா வயசான குதிரைக்கு கேன்சர் கட்டி இருக்கான்னு யோசிக்கணும். எபிடிடிமிஸோட வால் பின்பக்கம் பாத்து இருக்கணும், முன்பக்கம் திரும்பி இருந்தா விதை முறுக்கிக்கிட்டிருக்கு. இப்படி அரை சுத்து சுத்தி வலியே இல்லாம இருக்கற குதிரையும் உண்டு. ஆனா திடீர்னு ஒரு பக்கம் வீங்கி, வயித்து வலி மாதிரி குதிரை புரண்டுச்சுன்னா அது முழு முறுக்கா இருக்கலாம், அன்னைக்கு ராத்திரியே கூட்டிட்டு வரணும், விடியட்டும்னு இருக்காதீங்க.

ஸ்கேன்ல அளவும் எடுப்போம். நீளம், அகலம், உயரம் மூணையும் பெருக்கி 0.52-ஆல பெருக்குனா ஒரு விதையோட கன அளவு வரும். ரெண்டு பக்கத்தையும் கூட்டி, 0.024-ஆல பெருக்கி 0.76 கழிச்சா, அந்தக் குதிரை ஒரு நாளைக்கு எத்தனை நூறு கோடி அணு தரணும்னு ஒரு கணக்கு கிடைக்கும். உதாரணத்துக்கு ஒரு பக்கம் 9.5, 5, 5.5 சென்டிமீட்டர், மறுபக்கம் 9, 5, 5 சென்டிமீட்டர்னு வச்சுக்கோங்க, கிட்டத்தட்ட 530 கோடி வரணும். ஒரு வாரம் தினமும் விந்து எடுத்து சேமிப்பைக் காலி பண்ணிட்டு அப்புறம் வர்றதை எண்ணிப் பாத்தா 200 கோடிதான் வருதுன்னா, இடம் இருக்கு, வேலை நடக்கலன்னு அர்த்தம். ஸ்கேன் தனியா அணுவை எண்ணாது தம்பி, இதைத்தான் நெறைய பேர் புரிஞ்சுக்க மாட்டேங்கறாங்க, ஸ்கேனையும் விந்துப் பரிசோதனையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சாத்தான் விஷயம் புரியும். விந்தை ஒரு மணி நேர இடைவெளில ரெண்டு தடவை எடுக்கணும், ரெண்டாவதுல அணு எண்ணிக்கை கிட்டத்தட்ட பாதி இருக்கும், அதுலயும் உருவம் சரியா நேரா ஓடுற அணு 100 கோடியாவது இருக்கணும்.

விதை நல்லா இருந்து விந்து மட்டும் மோசமா இருந்தா, ஆசனவாய் வழியா ப்ரோப் விட்டு உள்ள இருக்கற சுரப்பிகளைப் பாப்போம். மாதவரம் பக்கம் ஒரு குதிரை, ரொம்ப நாள் பெட்டையே காட்டாம கட்டி வச்சிருந்தாங்க. மொதல்ல எடுத்தப்ப தயிர் மாதிரி கட்டி கட்டியா வந்துச்சு, மைக்ரோஸ்கோப்ல பாத்தா தலை தனி வால் தனியா கோடிக்கணக்குல, ஒண்ணும் அசையல. உள்ள ஸ்கேன் பண்ணா ஆம்புலா, அதாவது விந்து வர்ற குழாயோட தடிச்ச கடைசிப் பகுதி, ரெண்டு பக்கமும் உப்பி அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. கையால நீவி விட்டு, குழாயைச் சுருங்க வைக்கற ஆக்ஸிடோசின் ஊசி போட்டு, திரும்பத் திரும்ப எடுத்தோம், அஞ்சாவது தடவை அணு துடிப்பா ஓடுனதைப் பாத்து அந்த ஓனர் என் கையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. அந்தக் குதிரையையும் மலடுன்னு விக்கப் போனாங்க.

இன்னொண்ணு, காலும் அடிவயிறும் வீங்கின ஜுரம்னா சர்ரா நோயான்னு பாத்தே ஆகணும். கடிக்கிற பெரிய ஈ மூலமா ரத்தத்துல வர்ற ஒட்டுண்ணி அது, ஒரு ஸ்லைடுல தெரியலன்னா இல்லன்னு ஆகாது, ரத்தத்தை லேபுக்கு அனுப்பி பிசிஆர், அதாவது ஒட்டுண்ணியோட மரபணுவைத் தேடற டெஸ்ட், பண்ணச் சொல்லுங்க. அது உள்ளயே உக்காந்திருந்தா ஜுரம் திரும்பத் திரும்ப வரும், விதை எந்தக் காலத்துலயும் தேறாது.

வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே பேசிட்டு, வெயில் ஏறதுக்கு முன்னாடி காலையிலயே கூட்டிட்டுப் போங்க, முடிஞ்சா பருவத்துல இருக்கற ஒரு பெட்டையும் கூட வரட்டும், விந்து எடுக்க வேணும். ஏறும்போது வால் மேலயும் கீழயும் அடிக்குதான்னு இப்பவே கவனிங்க, அப்படி அடிச்சாத்தான் பெரும்பாலும் விந்து வெளிய வந்துச்சுன்னு அர்த்தம், சும்மா ஏறி இறங்கறதை நம்பக் கூடாது. அன்னைக்கு ஸ்கேன்ல வர்ற விதை அளவை ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க. ரிசல்ட் சரியா இல்லன்னா 70 நாள் கழிச்சு அதே அளவைத் திரும்ப எடுப்போம், அதுவரைக்கும் எந்தப் பெட்டைக்கும் விடாதீங்க, கொட்டகைக்கு மேல கீத்து போட்டு காத்தோட்டமா வைங்க.